டாக்கர் கன்டெய்னரை இலவச கிளவுடில் ஓட்டுவது: எங்கே போடலாம், எதில் காசு போகும்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து படிப்பவர்களுக்கும் புரியும். சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. தண்ணீர் லாரி எத்தனை வந்தது, எந்த வீட்டுக்கு எவ்வளவு பங்கு என்று கணக்குப் பார்க்க பைதானில் ஒரு சின்ன ஆப் எழுதியிருக்கிறீர்கள். வாட்ச்மேன் டெலிகிராமில் “லாரி 1” என்று செய்தி போட்டால் பாட் (செய்திக்குத் தானாகப் பதில் சொல்லும் ப்ரோக்ராம்) அதைப் பதிந்துகொள்கிறது. கணக்கெல்லாம் ஒரு எஸ்க்யூலைட் ஃபைலில், அதாவது ஒரே ஃபைலாக இருக்கும் குட்டி டேட்டாபேஸில் இருக்கிறது. மொத்தத்தையும் டாக்கர் கன்டெய்னராக்கி (ஆப்பையும் அதற்குத் தேவையானதையும் ஒரே பெட்டியில் கட்டும் முறை) இப்போது உங்கள் லேப்டாப்பில் ஓட்டுகிறீர்கள். “ஹெரோகு மாதிரி இலவசமாக இதை எங்கே போடலாம்? கார்டு நம்பர் கொடுத்தால் பணம் எடுத்துவிடுவார்களா?” இதுதான் கேட்டது. ஹெரோகு என்பது ஆப்பைக் கொடுத்தால் தன் சர்வரில் ஓட்டித் தரும் சேவை. ஆனால் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஆப் எந்நேரமும் விழித்திருக்குமா, கணக்கு அழியாமல் இருக்குமா, ஒருநாள் திடீரென்று பில் வருமா. எது இலவசம் என்று தேடினால் நூறு பட்டியல் கிடைக்கும். அவற்றில் இந்த மூன்றுக்கும் பதில் இருக்காது.

நான் வேலையில் சர்வர் பார்க்கிறவன். சொந்தமாக ஐந்தாறு குட்டி ஆப்களைப் பல வருடங்களாக இலவச இடங்களில் மாற்றி மாற்றிக் குடிவைத்திருக்கிறேன். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டை மட்டும் வாயைத் திறந்து ஒவ்வொரு பல்லாகப் பார்க்க வேண்டும். ஹெரோகு தன் இலவச திட்டத்தை 2022 நவம்பர் 28-இல் நிறுத்தியது. அங்கிருந்து பலர் ரயில்வே (Railway) என்ற இதேபோன்ற கிளவுட் சேவைக்கு ஓடினார்கள், 2023-இல் அங்கேயும் நிரந்தர இலவசம் போய் சோதனைக் காலம் மட்டும் மிஞ்சியது. ஃப்ளை என்ற சேவை 2024-இல் புதியவர்களுக்கு இலவசக் கதவைச் சாத்தியது. அமேசானின் 12 மாத இலவசமும் 2025 ஜூலை 15-க்குப் பிறகு கணக்கு தொடங்குபவர்களுக்கு இல்லை, அதற்குப் பதில் கிரெடிட்டும் ஆறு மாதக் கெடுவும் வந்துவிட்டன. இவற்றில் சிலவற்றுக்கு ஒரு காரணம் நம்மைப் போன்றவர்கள் இல்லை, இலவச மெஷின்களில் கிரிப்டோ காசு தோண்ட வந்த கூட்டம். கோடு சேமிக்கும் தளமான கிட்லேப் 2021-இல் இலவச பைப்லைனுக்குக்கூட (கோடைத் தானாகச் சோதித்துக் கட்டும் வசதி) கார்டு கேட்க ஆரம்பித்தது அவர்களால்தான். ஆகவே இன்று நான் சொல்லும் எண்கள் நீங்கள் படிக்கும்போது மாறியிருக்கலாம். கணக்கு தொடங்கும் முன் அந்தந்த நிறுவனத்தின் விலைப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். எண்கள் மாறினாலும் வேலை செய்யும் விதம் அவ்வளவு சீக்கிரம் மாறாது, அதனால் அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் உங்கள் கன்டெய்னர் எந்த ரகம் என்று பாருங்கள். யாராவது கூப்பிட்டால் மட்டும் எழுந்து பதில் சொல்லும் ரகமா, தானாகவே ஓடிக்கொண்டிருக்கும் ரகமா? உங்கள் பாட் இப்போது இரண்டாவது ரகம். டெலிகிராம் சர்வரிடம் விநாடிக்கு விநாடி “ஏதாவது வந்ததா, ஏதாவது வந்ததா” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. இதை போலிங் என்கிறோம். லேப்டாப்பில் இது சரி. இலவச கிளவுடில் இது ஆகாது, ஏனென்றால் யாரும் வெளியிலிருந்து கூப்பிடவில்லை என்றால் கன்டெய்னரைத் தூங்கவைப்பதுதான் அவர்கள் இலவசமாகக் கொடுக்க முடிவதற்கே காரணம். தூங்கினால் போலிங் நின்றுவிடும். வாட்ச்மேன் போட்ட செய்தி அங்கேயே கிடக்கும். எனவே வெப்ஹூக்குக்கு மாறுங்கள். “செய்தி வந்தால் இந்த முகவரியில் கதவைத் தட்டு” என்று டெலிகிராமிடம் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், செய்தி வரும்போது அதுவே வந்து எழுப்பும். எச்டிடிபிஎஸ் முகவரி கட்டாயம், அதைக் கிளவுட்காரர்களே தந்துவிடுகிறார்கள். வெப்ஹூக்கைப் பதியும்போது ஒரு ரகசியச் சொல்லையும் சேர்த்துக் கொடுக்கலாம். அதைக் கொடுத்து, வரும் ஒவ்வொரு செய்தியிலும் சரிபாருங்கள். இல்லையென்றால் முகவரி தெரிந்த எவரும் உங்கள் குடியிருப்புக்கு நூறு லாரி அனுப்பிவிடுவார், கணக்கில்.

வெப்ஹூக்கில் ஒரு பள்ளம் உண்டு, நான் விழுந்த பள்ளம். தூங்கும் கன்டெய்னர் எழுந்து பதில் சொல்வதற்குள் டெலிகிராம் பொறுமை இழந்து அதே செய்தியை மறுபடி அனுப்பும். உங்கள் ஆப் இரண்டையும் வாங்கி, ஒரே லாரியை இரண்டாகப் பதிந்துவிடும். மாதக் கடைசியில் மூன்றாவது மாடிக்காரர் சண்டைக்கு வருவார். ஒவ்வொரு செய்திக்கும் டெலிகிராம் ஒரு அப்டேட் எண் தருகிறது. அதை டேபிளில் யூனிக் (ஒரே எண் இரண்டு முறை வர முடியாது) என்று வைத்துவிடுங்கள், இரண்டாம் முறை வந்தது தானாக விழுந்துவிடும். இதோடு சேர்த்து நேரத்தையும் கவனியுங்கள். கிளவுடில் கன்டெய்னரின் கடிகாரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். அதிகாலை 5 மணிக்கு வரும் லாரி அங்கே முந்தின நாள் இரவு 11.30. ஒன்றாம் தேதி வந்த லாரி போன மாதக் கணக்கில் விழும். லேப்டாப்பில் இது தெரியவே தெரியாது.

சரி, எங்கே போடுவது? உங்கள் ஆப்புக்கு என் முதல் தேர்வு கூகுளின் கிளவுட் ரன். இமேஜை, அதாவது கட்டி முடித்த கன்டெய்னர் பொதியைக் கொடுத்தால் அதுவே ஓட்டிக்கொள்ளும், ஆள் வராதபோது பூஜ்யத்துக்குப் போய்விடும். மாதத்துக்கு 20 லட்சம் அழைப்புகள், 1,80,000 சிபியு விநாடிகள் (ஒரு சிபியு ஒரு விநாடி ஓடுவது ஒன்று), 3,60,000 ஜிபி விநாடிகள் (1 ஜிபி மெமரியை ஒரு விநாடி பிடிப்பது ஒன்று) இலவசம் என்பது அவர்கள் கணக்கு. இது புரியக் கொஞ்சம் குழப்பும், உங்கள் ஆப்பை வைத்தே போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 200 அழைப்பு, ஒன்றுக்கு அரை விநாடி என்று தாராளமாகவே வையுங்கள். நாளுக்கு 100 விநாடி, மாதத்துக்கு 3,000 விநாடி. இலவச அளவில் அறுபதில் ஒரு பங்கு. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 1,80,000 விநாடி என்றால் 50 மணி நேரம்தான். “எப்போதும் ஓர் இன்ஸ்டன்ஸ் (ஓடும் கன்டெய்னர் ஒன்று) விழித்திருக்கட்டும்” என்று ஒரு பெட்டியில் 1 என்று போட்டுவிட்டால் காசு போக ஆரம்பித்துவிடும். குறைந்தபட்சம் 0, அதிகபட்சம் 1 என்று வைத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்டின் அசூர் கன்டெய்னர் ஆப்ஸும் கிட்டத்தட்ட இதே அளவுகளைத்தான் தருகிறது. அதில் என் அனுபவம் கொஞ்சம்தான், அதனால் அதைப் பரிந்துரைக்கவும் மாட்டேன், வேண்டாமென்றும் சொல்ல மாட்டேன்.

கிளவுட் ரன்னில் முதல் நாள் எல்லோரும் மூன்று இடங்களில் மாட்டுவார்கள். ஆப் 127.0.0.1-இல் (அந்த மெஷினுக்குள் மட்டும் கேட்கும் முகவரி) காது கொடுத்தால் வெளியிலிருந்து யாரும் கூப்பிட முடியாது, 0.0.0.0 என்று வைக்க வேண்டும். எந்த போர்ட் (ஆப் காது கொடுக்கும் கதவு எண்) என்பதை அவர்கள் ஓர் என்விரான்மென்ட் வேரியபிளில் (ஆப் தொடங்கும்போது வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பு) தருவார்கள், பழக்கத்தில் 8080. அதைப் படித்துக்கொள்ளுங்கள், நீங்களாக 5000 என்று எழுதி வைக்காதீர்கள். மூன்றாவது, உங்களிடம் ஆப்பிள் எம் வரிசை லேப்டாப் என்றால், அதில் கட்டிய இமேஜ் ஏஆர்எம் என்ற சிப் ரகத்துக்கானதாக இருக்கும். கிளவுட் ரன் கேட்பது ஏஎம்டி64 என்ற வேறு சிப் ரகம். ஏற்றியதும் “எக்ஸெக் ஃபார்மட் எரர்” என்று ஒரு வரி மட்டும் காட்டிவிட்டுச் செத்துவிடும். கோடில் தப்பைத் தேடி ஒரு ராத்திரியைத் தொலைக்காதீர்கள், கட்டும்போதே பிளாட்ஃபார்மைக் குறிப்பிட்டால் முடிந்தது. இன்னொன்று, பதில் அனுப்பிய பிறகு பின்னணியில் ஏதாவது செய்யலாம் என்று நினைத்தால் அங்கே சிபியுவைப் பிடுங்கிவிடுவார்கள். செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் எஸ்க்யூலைட் ஃபைல். கவலையான விஷயம் இதுதான். வாடகை வீட்டில் ஆணி அடிக்காதே என்று வீட்டுக்காரர் சொல்வார், இங்கே அதை நாமே நமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். கன்டெய்னருக்குள் எழுதுகிற எதுவும் தங்காது. கிளவுட் ரன்னில் ஃபைல் என்று எழுதுவதுகூட மெமரியில்தான் போய் உட்காருகிறது. இன்ஸ்டன்ஸ் நின்றதும் புதிதாகக் கழுவிவைத்த தட்டுமாதிரி ஆகிவிடும். நான் ஆரம்பத்தில் ஒரு செலவுக் கணக்கு ஆப்பை இப்படிப் போட்டேன், வேறொரு இடத்தில். பத்து நாள் அழகாக ஓடியது. பதினொன்றாம் நாள் பட்டனின் நிறத்தை மாற்றி மறுபடி ஏற்றினேன், பத்து நாள் கணக்கும் போச்சு. தவறு முழுக்க என்னுடையது, அவர்கள் ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள்.

ஆகவே டேட்டாபேஸை வெளியே எடுங்கள். உங்கள் அளவுக்கு நியான் என்ற சேவை தரும் இலவச போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் போதும். அரை ஜிபி கிடைக்கும், யாரும் தொடாவிட்டால் ஐந்து நிமிடத்தில் தூங்கும், கேட்டால் எழுந்துவிடும். ஒரு லாரிக்கு ஒரு வரி என்றால் அரை ஜிபியை நிரப்ப உங்கள் குடியிருப்புக்கு ஆயுள் போதாது. சுபாபேஸும் 500 எம்பி தருகிறது, ஆனால் ஒரு வாரம் யாரும் தொடாவிட்டால் அந்த ப்ராஜெக்டை நிறுத்திவைத்துவிடும், பிறகு நீங்கள் போய்க் கையால் எழுப்ப வேண்டும். மழைக்காலத்தில் பத்து நாள் லாரியே வராது என்றால் அதுதான் நடக்கும். எதை எடுத்தாலும் ஆப்பையும் டேட்டாபேஸையும் ஒரே ஊரில், இல்லை பக்கத்து ஊரிலாவது வையுங்கள். ஆப் மும்பையில், டேட்டாபேஸ் அமெரிக்காவில் என்றால் ஒவ்வொரு கேள்விக்கும் கடல் தாண்டிப் போய்வர வேண்டும். ஒரு பக்கத்துக்குப் பத்துக் கேள்வி என்றால் கண்ணுக்கே தெரியும். கூகுள் வெளியே அனுப்பும் தரவில் இலவசமாகத் தரும் மாதம் 1 ஜிபி வட அமெரிக்காவுக்கு மட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுடையது வெறும் எழுத்து, மும்பையில் வைத்தாலும் பைசாக் கணக்குதான். படங்கள், வீடியோ என்றால் யோசிக்க வேண்டும்.

கார்டே கொடுக்க மாட்டேன் என்றால் ரெண்டர் என்ற சேவை இருக்கிறது. 512 எம்பி ரேம், சிபியுவில் பத்தில் ஒரு பங்கு. 15 நிமிடம் ஆள் வராவிட்டால் தூங்கிவிடும், எழுந்திருக்க ஒரு நிமிடம்வரை ஆகும். மேலே சொன்ன இரட்டை லாரிப் பள்ளம் இங்கேதான் ஆழம். மாதத்துக்கு 750 மணி நேரம் என்று கொடுக்கிறார்கள். 31 நாள் மாதத்துக்கே 744 மணிதான், அதனால் ஒரே ஒரு ஆப்பை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டித் தட்டித் தூங்கவிடாமல் வைத்திருக்கிறவர்கள் உண்டு. இரண்டு ஆப் வைத்தால் அந்தக் கணக்கு மாதப் பாதியில் தீர்ந்துவிடும். எனக்கு அந்த வித்தையில் விருப்பமில்லை, இலவசமாக இடம் கொடுத்தவன் வீட்டில் ராத்திரி முழுக்க விளக்கு எரியவிடுவது மாதிரி. அங்கே தரும் இலவச போஸ்ட்கிரஸுக்கு 30 நாள்தான் ஆயுள், அதை மட்டும் எடுக்காதீர்கள். நியானையே வைத்துக்கொள்ளலாம். ஹக்கிங் ஃபேஸ் ஸ்பேசஸும் டாக்கரை ஏற்கிறது, 16 ஜிபி ரேம்வரை தருவது பெரிய விஷயம். ஆனால் அது ஏஐ மாடல் காட்டுகிறவர்களின் சந்தை, லாரிக் கணக்குக்கு ஏற்ற இடமில்லை.

மூன்றாவது வழி, முழு மெஷினையே வாங்கிக்கொள்வது. போலிங், எஸ்க்யூலைட் எல்லாம் இப்போது இருப்பதுபோலவே ஓடும் என்பதால் இது ஆசை காட்டும். ஆரக்கிள் 2021-இல் ஏஆர்எம் மெஷின்களைக் கொண்டுவந்தபோது 4 கோர், 24 ஜிபி ரேம்வரை எப்போதும் இலவசம் என்று அறிவித்தது. இதைவிடத் தாராளமாக யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் முதலில் கிடைக்க வேண்டும். பல ஊர்களில் இடமில்லை என்ற செய்தியே வந்துகொண்டிருக்கும். முதலில் தேர்ந்தெடுத்த ஊரை, அதாவது ஹோம் ரீஜனை, பிறகு மாற்றவும் முடியாது, இலவசம் அந்த ஊரில் மட்டும்தான். மும்பை, ஹைதராபாத் இரண்டும் அவர்களிடம் உண்டு. அப்புறம், ஏழு நாள் தொடர்ந்து சிபியு, நெட்வொர்க், மெமரி எல்லாம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் “சும்மா கிடக்கிறது” என்று திரும்ப எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இருக்கிறது. நன்றாக எழுதிய குட்டி ஆப் எப்போதுமே சும்மாதான் கிடக்கும்! கூகுளின் இ2-மைக்ரோவும் நிரந்தர இலவசம், ஆனால் 1 ஜிபி ரேம், அமெரிக்காவின் மூன்று ரீஜன்களில் மட்டும். அதில் ஸ்வாப் ஃபைல் (மெமரி போதாதபோது டிஸ்கில் கைகொடுக்கும் ஃபைல்) போடாமல் டேட்டாபேஸும் சேர்த்து ஓட்டினால் கன்டெய்னர் 137 என்ற எண்ணைச் சொல்லிவிட்டுச் சாகும். அந்த எண்ணைக் கண்டால் பெரும்பாலும் மெமரி போதாமல் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னல் கொன்றிருக்கிறது என்று அர்த்தம்.

முழு மெஷின் எடுத்தால் காவலும் உங்கள் வேலை. பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உபுண்டு லினக்ஸில் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் எல்லாவற்றையும் மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம். டாக்கரில் ஒரு போர்ட்டை வெளியே திறந்தால் அது அந்த ஃபயர்வாலைத் தாண்டித் தனக்கென்று வழி போட்டுக்கொள்ளும். போஸ்ட்கிரஸின் 5432 போர்ட்டை அப்படித் திறந்துவைத்தால் உலகமே உங்கள் வாசலில் பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கும். போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று சேர்த்தால் மெஷினுக்குள்ளேயே நின்றுவிடும். ஆரக்கிளில் இதற்கு நேர் எதிரான தலைவலி. அவர்கள் கன்சோலில் எச்டிடிபிஎஸுக்கான 443 போர்ட்டைத் திறந்தும் வேலை செய்யாது, ஏனென்றால் அவர்களின் உபுண்டு இமேஜுக்குள்ளேயே ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வாலின் விதி ஒன்று தடுத்துக்கொண்டிருக்கும். இரண்டு இடத்திலும் திறக்க வேண்டும்.

பில் விஷயத்துக்கு வருகிறேன். கார்டு கொடுத்தால் தானாகப் பணம் எடுப்பார்களா என்றால், இலவச அளவைத் தாண்டாதவரை இல்லை. தாண்டினால் எடுப்பார்கள். கூகுளில் பட்ஜெட் அலர்ட் வைக்கலாம், வையுங்கள். ஆனால் அது மெயில் மட்டும்தான் அனுப்பும், ஓட்டத்தை நிறுத்தாது. வேலி என்று பலர் நம்புவது வெறும் மணி. எனக்கு வந்த பில்கள் எல்லாமே ஆப் ஓடியதற்கு இல்லை, ஓரத்தில் கிடந்த சாமான்களுக்கு. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் பழைய இமேஜ் ரெஜிஸ்ட்ரி என்ற இமேஜ் கிடங்கிலேயே தங்கிவிடும். ஒன்று 300 எம்பி என்றால், கூகுளின் ஆர்டிஃபாக்ட் ரெஜிஸ்ட்ரி தரும் அரை ஜிபி இலவசம் இரண்டாம் இமேஜிலேயே தாண்டலாம். கடைசி ஒன்றிரண்டைத் தவிர மற்றதை அழிக்கும்படி க்ளீனப் விதி ஒன்றை முதல் நாளே போட்டுவிடுங்கள். அமேசானில் பொது ஐபிவி4 முகவரிக்கு 2024 பிப்ரவரி 1 முதல் மணிக்கு 0.005 டாலர் உண்டு. கேட்க ஒன்றுமில்லை, 30 நாளுக்குக் கூட்டினால் 3.60 டாலர்.

கார்டு நிராகரிக்கப்பட்டது என்று எழுதியிருந்தீர்கள். ரூபே டெபிட் கார்டைப் பல வெளிநாட்டு நிறுவனங்கள் ஏற்பதில்லை. விசா, மாஸ்டர் என்றாலும் வெளிநாட்டுப் பரிமாற்றத்தை வங்கி ஆப்பில் நாமே திறந்துவிட வேண்டும். 2021 அக்டோபரிலிருந்து தானாகப் பிடிக்கும் தொகைக்கு ரிசர்வ் வங்கி கூடுதல் சரிபார்ப்பு கேட்பதாலும் சில கார்டுகள் தடுக்கும். நான் இதற்கென்றே லிமிட்டைச் சில நூறு ரூபாயாகக் குறைத்துவைத்த தனிக் கார்டு வைத்திருக்கிறேன். பில் கடனை அது அழிக்காது, ஆனால் தூக்கம் வரும்.

கிளவுடே வேண்டாம் என்ற வழியும் உண்டு. வீட்டில் உடைந்த கீபோர்டோடு ஒரு பழைய லேப்டாப் இருந்தால் அதுவே சர்வர். நம் ஊர் பிராட்பேண்ட் இணைப்புகள் பலவற்றில் உங்களுக்கென்று தனிப் பொது முகவரி கிடையாது, அதனால் ரவுட்டரில் போர்ட் திறந்து பயனில்லை. கிளவுட்ஃப்ளேர் டனல் உள்ளிருந்து வெளியே கூப்பிட்டுப் பாதை போடுவதால் இந்தச் சிக்கலைத் தாண்டிவிடும், அதுவும் இலவசம். 15 வாட் இழுக்கும் லேப்டாப் மாதம் முழுக்க ஓடினால் 11 யூனிட் ஆகும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போகும் நாளில் லேப்டாப் பேட்டரி தாங்கினாலும் ரவுட்டர் தாங்காது, அவ்வளவுதான் குறை. போலிங்கையும் எஸ்க்யூலைட்டையும் மாற்ற நேரமில்லை என்றால் இன்றைக்கே இதைச் செய்யலாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வாரம் வெப்ஹூக்குக்கு மாற்றுவேன், எஸ்க்யூலைட்டை நியானுக்கு நகர்த்துவேன், கிளவுட் ரன்னில் ஏற்றுவேன். பிறகு கூகுளின் கிளவுட் ஷெட்யூலரில் ஒரு வேலை போடுவேன், மூன்று வேலைகள்வரை இலவசம். தினம் இரவு 11 மணிக்கு அது ஆப்பில் ஒரு முகவரியைத் தட்டும். ஆப் அன்றைய மொத்தக் கணக்கையும் ஒரு ஃபைலாக்கி அதே டெலிகிராம் பாட் வழியாக எனக்கே அனுப்பிவிடும். பாட் 50 எம்பிவரை ஃபைல் அனுப்பலாம், உங்கள் கணக்கு சில கேபிதான். ஃபைலில் வீட்டு எண் மட்டும் இருக்கட்டும், பெயர், போன் நம்பர் வேண்டாம். நாளைக்கு இவர்களும் கடையைச் சாத்தினால், அந்த ஃபைலும், இமேஜைக் கட்டும் குறிப்பான டாக்கர்ஃபைலும் இருந்தால் வேறிடத்தில் ஒரு மாலைக்குள் எழுப்பிவிடலாம். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த ஃபைலை மட்டும் வைத்து லேப்டாப்பில் புதிதாக எழுப்பிப் பாருங்கள். எங்காவது முட்டினால் லாக்கின் கடைசி இருபது வரியை இங்கே போடுங்கள், பாட் டோக்கனை (பாட்டின் ரகசியச் சாவி) மட்டும் மறைத்துவிட்டு.